நினைவு மலர் போட காரைக்குடில ஒரு நல்ல பிரஸ்: என் மனைவி புத்தகம் போட்ட அனுபவம்

வீட்ல ஒருத்தவங்க காலமாகி, முதல் வருஷ தெவசத்துக்கு நினைவு மலர் போடணும், எங்க குடுக்கிறதுன்னு தெரியாம அலையுறவங்களுக்காக இத எழுதுறேன். காரைக்குடி செக்காலை ரோட்டுப் பக்கம் ஒரு சந்துக்குள்ள மாடில இருக்க இந்தப் பிரஸ்லதான் என் மனைவிக்குப் புத்தகம் போட்டேன். 64 பக்கம், 300 காப்பி. அஞ்சுக்கு நாலரை ஸ்டார் குடுப்பேன், அந்த அரை ஏன் கொறஞ்சுச்சுன்னு கீழ சொல்றேன். அச்சு சுத்தம், ரேட்டு ஞாயம்ங்கிறதெல்லாம் வேற எடத்துலயும் கெடைக்கும். ஆனா போனவங்க எப்படி வாழ்ந்தாகன்னு கேட்டுக் கேட்டு வாங்கி, அத பேப்பர்ல கொண்டாந்து வைக்கிற பொறுமை இவங்ககிட்ட இருக்கு, அதுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுத உக்காந்தேன்.

நம்ம பக்கம் நினைவு மலர்னா எப்படி இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும். அட்டைல மாலை போட்ட படம், உள்ள திறந்தா பாசத்தின் சிகரமே அன்பின் இமயமேன்னு ஒரு பக்கம், அப்பறம் தெரிஞ்சவங்க தெரியாதவங்க எல்லார்ட்டயும் வாங்கின இரங்கல் செய்தி வரிசையா, பின்னாடி சிவபுராணம், கடைசி அட்டைல குடும்பத்தார் பேரு. வாங்கிட்டுப் போறவங்க மரியாதையா சாமி ரூம்ல வைப்பாக, ஆனா யாரும் பிரிச்சுப் படிக்க மாட்டாக. படத்தையும் பேரையும் மாத்திட்டா அடுத்த வீட்டுக்கும் அப்படியே பொருந்தும். நாங்களும் அந்த மாதிரிதான் மேட்டர் எழுதி எடுத்துக்கிட்டுப் போனோம், நானும் என் மகளும்.

அங்க டைப் செட்டிங் பண்ற ஒரு பொண்ணு இருக்கு, சின்ன வயசுதான். எல்லாத்தையும் முழுசா படிச்சுப் பாத்துச்சு, ஒண்ணும் கொறை சொல்லல, பேனாவ எடுத்துக்கிட்டு, ஐயா, ஆச்சி காலைல எந்திரிச்சதும் மொத வேலையா என்ன செய்வாகன்னு கேட்டுச்சு. நான் சொல்றதுக்குள்ள என் மக சொல்ல ஆரம்பிச்சுட்டா. நாலரைக்கு எந்திரிப்பாக, வெளிச்சம் போட மாட்டாக, மத்தவங்க தூக்கம் கெடும்னு இருட்டுலயே வளவ, அதான் வீட்டு நடு முற்றத்த, சுத்தி நடந்து போயி பின்கட்டு கதவ தொறப்பாக, அந்தப் பெரிய சாவி சத்தம் போடாம இருக்க முந்தானைய சுத்தி திருப்புவாக, அப்டின்னு. அதுக்கப்பறம் என்ன, அதுக்கப்பறம் என்னன்னு அந்தப் பொண்ணு கேக்கக் கேக்க நாங்க சொல்லிக்கிட்டே போனோம், அன்னைக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரம் தாண்டிருச்சு. எழுதிட்டுப் போன பேப்பர அந்தப் பொண்ணு எங்ககிட்டயே திருப்பிக் குடுத்துட்டு, இப்ப சொன்னீங்களே அதயே இதே பேச்சுல எழுதிக் கொண்டாங்கன்னு சொல்லி அனுப்புச்சு. புத்தகத்தோட மொதப் பக்கம் இப்ப அந்தப் பின்கட்டு கதவுதான்.

என் மனைவி 1960ல கானாடுகாத்தான்ல பொறந்தவ. நாங்க நகரத்தாரு, எங்கள்ல கோவில்னா குலப் பிரிவு மாதிரி, அவ வைரவன்பட்டி கோவில்ல பொறந்து எங்க இளையாத்தங்குடி கோவிலுக்கு வந்தவ, எங்களுக்கு 1981ல கல்யாணம். அப்ப எங்க வீட்ல பங்காளிக நாலு குடும்பம் ஒரே வளவுல இருந்தோம், கல்யாணமான கொஞ்ச நாள்ல வழக்கப்படி எங்கள வேறு வச்சுட்டாக, அதாவது தனி அடுப்பு, தனி செலவு. வருஷத்துக்கு இவ்ளோ அரிசி இவ்ளோ பருப்புன்னு அளந்து குடுத்து, இனி ஒங்க குடித்தனம் நீங்க பாருங்கன்னு விட்டுருவாக. இருவத்தோரு வயசுப் பொண்ணு, சமையல் பாதிதான் தெரியும், அன்னைல இருந்து கணக்கு நோட்டு போட ஆரம்பிச்சவ கடைசியா ஆஸ்பத்திரி போற வரைக்கும் நிறுத்தல. நான் பேங்க்ல வேலை பாத்தேன், கும்பகோணம் மானாமதுரை அப்பறம் ஒரு தடவ பாட்னா வரைக்கும் மாத்துனாக. பிள்ளைக படிப்புக்காக அவ காரைக்குடிலயே இருந்துட்டா. மாமனார் மாமியார், ரெண்டு பிள்ளைக, வீட்டுக்கு வர்றவங்க போறவங்க, கோவில் வரி, பங்காளி வீட்டு விசேஷம், இடிஞ்சு விழுற ஓட்டச் சரி பண்றது வரைக்கும் எல்லாம் அவதான். லீவுல நான் வந்தா எல்லாம் ஒழுங்கா நடக்குது, அவ்ளோதான் எனக்குத் தெரியும். அந்த ஒழுங்குக்குப் பின்னாடி எவ்ளோ வேலைங்கிறத இந்த நோட்டுகள இப்ப எடுத்து வரிசையா படிச்சப்பதான் முழுசா தெரிஞ்சுக்கிட்டேன்.

பிரஸ்காரர் அந்த நோட்டுல இருந்து ரெண்டு பக்கத்த அப்படியே ஸ்கேன் பண்ணிப் போடலாம்னு சொன்னாரு. டைப் பண்ண வேணாம், கையெழுத்தாவே இருக்கட்டும்னாரு. ஒண்ணு 1986 ஆடி மாசப் பக்கம். திங்கச்சந்தைல வாங்கின காய்கறி, பால் பாக்கி, மகளுக்கு சிலேட்டு, மாமியாருக்கு தைலம், அதுக்குக் கீழ தனியா ஒரு வரி, பூக்காரம்மா மகளுக்கு பரிச்சை பீஸ் அப்டின்னு. அந்த பீஸ் விஷயம் எங்க யாருக்குமே தெரியாது. பிரஸ்ல அந்தப் பக்கத்த ஸ்கேன் பண்றப்ப மைய மட்டும் தூக்கி நிறுத்தி, பழுப்பு நெறத்த அப்படியே விட்டாக. வெள்ளையாக்கிக் குடுன்னா குடுத்துருப்பாக, ஆனா பழைய நோட்டு பழைய நோட்டு மாதிரியே இருக்கட்டும்னு அவங்களாவே விட்டது எனக்கு ரொம்பப் புடிச்சுது.

இப்ப போட்டோ வேலை, இதப் பத்தி விவரமா சொல்லணும் ஏன்னா எல்லார் வீட்லயும் இந்தப் பிரச்சினை இருக்கும். எங்க கல்யாண போட்டோ முகப்புல கண்ணாடி பிரேம்ல மாட்டியிருந்தது, மழைத்தண்ணி சாரல் பட்டுப் பட்டு போட்டோ கண்ணாடியோட ஒட்டிப் போச்சு. வேற ஒரு ஸ்டுடியோல காமிச்சப்ப உரிச்சு எடுத்துடலாம்னு சொன்னாக. இங்க பிரஸ்காரர் கைய வைக்கவே விடல. ஒட்டின போட்டோவ உரிச்சா மேல இருக்க படலம் கண்ணாடியோட வந்துரும், மொகமே போயிரும், கண்ணாடியோடயே எடுப்போம்னாரு. கண்ணாடிய நல்லா தொடைச்சு, வெளிச்சம் அடிக்காத கோணத்துல ரெண்டு பக்கமும் லைட் வச்சு கேமராலயே எடுத்தாரு. மத்த படமெல்லாம் 600 டிபிஐல ஸ்கேன். பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணணும்னு அவரே சொன்னாரு. அப்படிப் பண்ணதுல ஒரு நல்லது நடந்துச்சு. அவளோட ஐயா படம் ஒண்ணு, அதுக்குப் பின்னாடி ரங்கூன் ஸ்டுடியோ முத்திரை மங்கலா தெரிஞ்சுச்சு. அவுக பர்மால கொண்டுவித்து, அதாவது வியாபாரம் பண்ணி, 1942ல ஜப்பான்காரன் வந்தப்ப எல்லாத்தையும் விட்டுட்டுத் திரும்பி வந்தவுக, அந்தக் கதைய என் மனைவி பிள்ளைகளுக்கு சொல்லிச் சொல்லித்தான் சோறு ஊட்டுவா. இப்ப அந்த முத்திரையும் புத்தகத்துல இருக்கு, என் பேரன் அத தொட்டுத் தொட்டுப் பாக்குறான்.

ஒரு எடத்துல மட்டும் எனக்கும் பிரஸ்ஸுக்கும் ஒத்துப் போகல. கல்யாணப் படம் ஃபங்கஸ் புடிச்சிருந்ததால அத இப்ப வந்துருக்க ஏஐ சாப்ட்வேர்ல போட்டு சரி பண்ணிக் காட்டுனாக. பாக்க பளபளன்னு இருந்துச்சு, கன்னம் வழவழன்னு, கண்ணு பெருசா, சினிமாக்காரி மாதிரி. ஆனா அது அவ இல்ல. தாடைல சின்ன வயசுல ஊருணிப் படில விழுந்த தழும்பு ஒண்ணு இருக்கும், அதக் காணோம். மூக்குத்தி ஏழு கல்லு, அது ஒரே கல்லா மாறிப் போச்சு. கழுத்துரு, அதான் எங்க கல்யாணத் தாலி, அதோட உருப்படியெல்லாம் ஏதோ பாசி மாதிரி உருகிக் கெடந்துச்சு. என் மக பாத்த ஒடனே வேணாம்னுட்டா. அவங்க மொகம் சுளிக்காம அத தூக்கிப் போட்டுட்டு, கறைய மட்டும் கையால ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்தாக. கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கு, ஆனா தழும்பு இருக்கு, ஏழு கல்லும் எண்ணலாம். இந்த வேலைக்கு ஒரு படத்துக்கு 250 ரூபா தனியா வாங்குனாக. அது மொதல்லயே சொல்லிருக்கலாம், பில்லுல பாத்துத்தான் தெரிஞ்சுச்சு. நீங்க போனா ரெண்டு விஷயம் வாய்விட்டுக் கேளுங்க, ஏஐ போடாதீங்க, கையால பண்ண எவ்ளோ அப்டின்னு.

எழுத்து விஷயம். என் மகன் சிங்கப்பூர்ல இருக்கான், அவன் எழுதுனத எல்லாம் போன்ல டைப் பண்ணி வாட்ஸ்அப்ல அனுப்புனான். நெறைய பிரஸ்ல இன்னும் பழைய பாமினி மாதிரி ஃபான்ட்டுதான், போன்ல அடிக்கிற யூனிகோட் எழுத்துல வந்தத அதுக்கு மாத்துறப்ப எழுத்து முழுங்கிரும், கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் போயிரும். சொந்தக்காரவுக ஒருத்தவுக வீட்டு மலர்ல தலைப்புலயே எழுத்து ஒடைஞ்சு வந்தத பாத்துருக்கேன், மனசு சங்கடமா போச்சு. இங்க நேரா யூனிகோட்லயே பேஜ் போடுறாக, அதனால அனுப்புனது அனுப்புனபடி வருது. இருந்தாலும் ப்ரூஃப் பாக்குறத விடாதீங்க. முக்கியமா விலாசம், அதாவது பேருக்கு முன்னாடி வர்ற இனிஷியல். நம்ம ஆளுகளுக்கு இனிஷியல் ஒண்ணு மாறுனாலும் வருத்தம் வந்துரும், அது நம்ம தாத்தன் பாட்டன் பேரு இல்லையா. இந்தப் பிரஸ்காரருக்கு அந்த வழக்கம் நல்லா தெரியுது. ஊர், கோவில், விலாசம், பொறந்த வீடு, புகுந்த வீடு எல்லாத்துக்கும் தனியா ஒரு தாள் வச்சிருக்காரு, அதப் பூர்த்தி பண்ணிக் குடுத்தா போதும். அதுல புள்ளி விவரம்னு ஒரு கட்டம். புருஷன் பொண்டாட்டி சேந்தாத்தான் கோவில்ல ஒரு புள்ளி, ஒருத்தவுக போயிட்டா மத்தவுக அரைப்புள்ளி. அந்தக் கட்டத்துல அர போட்டு எழுத எனக்கு கை வரல, என் மகதான் எழுதுனா.

அவளப் பத்தி இன்னும் சொல்லணும், ஏன்னா இந்தப் பிரஸ் என்ன செஞ்சுதுன்னு புரியணும்னா அவ யாருன்னு தெரியணும். எஸ்எஸ்எல்சியோட நிறுத்திட்டாக அவ படிப்ப. பிள்ளைக ஓரளவு வளந்தப்பறம் 90கள் கடைசில அழகப்பா யுனிவர்சிட்டில தபால்வழியா பி.ஏ. தமிழ் சேந்தா. பகல்ல வீட்டு வேலை, ராத்திரி பிள்ளைக படிக்கிற அதே மேசைல அவளும் உக்காந்து படிப்பா, மகன் கணக்குப் போட அவ பக்கத்துல நன்னூல் மனப்பாடம் பண்ணுவா. வருஷா வருஷம் பங்குனில கம்பன் விழா வந்துட்டா வீட்ல சமையல் அஞ்சு மணிக்குள்ள முடிஞ்சிரும். காரைக்குடி கம்பன் கழகம் 1939ல சா. கணேசன் அவுக ஆரம்பிச்சது, அப்ப இருந்து நடக்குற விழா, மூணு நாள் இங்க, கடைசி நாள் அத்தத்தன்னைக்கு நாட்டரசன்கோட்டைல கம்பர் சமாதில. அவ நாலு நாளும் போவா. முன் வரிசைல உக்காந்து சின்ன நோட்டுல பாட்டு நம்பர் குறிச்சுக்கிட்டு வருவா, வீட்டுக்கு வந்து கம்பராமாயணத்த எடுத்து அந்தப் பாட்டத் தேடி ஓரத்துல பென்சில்ல கோடு போடுவா. எதுக்குன்னு கேட்டா, பேசுறவுக விட்டுட்டுப் போற அடுத்த பாட்ட நானே படிச்சுப் பாக்கத்தான்னு சொல்லுவா. அந்த பென்சில் கோடு போட்ட பக்கம் ஒண்ணு புத்தகத்துல நடுப்பக்கமா வந்துருக்கு. கோடு மங்கலா இருந்துச்சு, அதத் தெரிய வைக்க அந்தப் பொண்ணு ரொம்ப மெனக்கெட்டுச்சு.

பட்டம் வாங்கினதுக்கப்பறம் வேலைக்குப் போகல, ஆனா சாயங்காலம் முகப்புத் திண்ணைல தெருப் பிள்ளைகளுக்கு தமிழும் கணக்கும் சொல்லிக் குடுத்தா. காசு வாங்கல. அதுல ஒருத்தன் இப்ப இங்க சிக்ரி ஆராய்ச்சி நிலையத்துல வேலை பாக்குறான். அவன் எழுதிக் குடுத்தது அரைப் பக்கம்தான், எனக்குப் புத்தகத்துலயே ரொம்பப் புடிச்சது அதுதான். ஒரு நாள் மழைல நனைஞ்சு வந்துட்டானாம், இவ தலைய தொவட்டி விட்டு என் மகன் சட்டைய போட்டு விட்டுட்டு, மறுநாள் சட்டைய திருப்பிக் கொண்டாந்தப்ப, அத வச்சுக்கடா, அடுத்த மழைக்கு நீ வேற யாருக்காச்சும் குடுன்னு சொன்னாளாம்.

இந்த மாதிரி எழுத்து வந்ததுக்கும் அந்தப் பிரஸ் பொண்ணுதான் காரணம். இரங்கல் செய்தி கேக்காதீங்கய்யா, ஆச்சியோட ஒங்களுக்கு நடந்த ஒரே ஒரு விஷயத்த எழுதுங்கன்னு கேளுங்கன்னு சொல்லுச்சு. அப்படிக் கேட்டதும் ஆளுக எழுதுனது வேற மாதிரி ஆகிப் போச்சு. நம்ம மருமக எழுதிருக்கா, கல்யாணமாகி வந்த மொத வாரம் அத்தை சாவிக்கொத்த எடுத்து வச்சு ஒவ்வொரு சாவியா எந்த அறைக்கு எந்தப் பெட்டகத்துக்குன்னு சொல்லிக் குடுத்தாக, ஒனக்குத் தெரியாத கதவு இந்த வீட்ல இருக்கக் கூடாதுன்னு சொன்னாகன்னு. கானாடுகாத்தான்ல இருக்க அவ தங்கச்சி, சின்னப் பிள்ளைல ரெண்டு பேரும் ஊருணில குடிதண்ணி எடுக்கப் போறப்ப இவ கொடத்தோட பாட்டுப் போட்டி வச்சு, தோத்தவுக ரெண்டு கொடம் தூக்கணும்னு விளையாண்டத எழுதிருக்காக. வீட்ல பால் ஊத்துறவரு எழுதப் படிக்கத் தெரியாதவரு, அவர் சொன்னத என் மக போன்ல ரெக்கார்டு பண்ணி அவர் பேச்சுலயே போட்டுருக்கு. ஆச்சி ஒரு மாசமும் என்னையக் காசு கேக்க விட்டதில்ல, ஒண்ணாந்தேதி செம்புக்குப் பக்கத்துல காசு இருக்கும்னு. பெரிய மனுஷங்க யாரோட செய்தியும் போடல. சிலருக்கு அது வருத்தம்தான், பரவால்ல.

கொட்டான் பத்தியும் ஒரு பக்கம் வந்துருக்கு. கொட்டான்ங்கிற பனை ஓலைக் கூடை பின்னுறது நம்ம ஊர்ப் பொம்பளைக கை வேலை, நடுவுல அழிஞ்சே போற நெலமைல இருந்தத விசாலாட்சி ராமசாமி அவுக ஃபவுண்டேஷன் வச்சு மறுபடி உயிர் குடுத்தாக, அது நாடு முழுக்கத் தெரிஞ்ச விஷயம். என் மனைவி அவ அப்பத்தாகிட்ட கத்துக்கிட்டவ. மக கல்யாணத்துக்கு வர்றவங்களுக்குக் குடுக்க ராத்திரி ராத்திரியா உக்காந்து பின்னுனா, ஓலைக்கு சாயம் காய்ச்சுறதுல இருந்து மணி கோத்து ஓரம் கட்டுறது வரைக்கும். போட்டோக்காரர் இல்லாம அந்தப் பிரஸ்காரரே வீட்டுக்கு வந்து அந்தக் கொட்டான்கள ஆத்தங்குடிக் கல்லுத் தரைல வச்சு படம் எடுத்துட்டுப் போனாரு, அதுக்கு தனியா காசு வாங்கல.

பலகாரம் இல்லாம நம்ம ஊர்ப் புத்தகமா. வெள்ளைப் பணியாரத்துக்கு அவ அளவு, பச்சரிசி ஆழாக்குல தலை தட்டி எடுத்து அதுக்கு மேல உளுந்து கோபுரமா நிக்கிற அளவு, ரெண்டையும் சேத்து ஊற வச்சு வெண்ணெயா ஆட்டணும், ஊத்துறப்ப கரண்டிய எண்ணெய்க்குப் பக்கத்துல கொண்டு போயி ஊத்தணும், ஒண்ணு ஒண்ணாத்தான் சுடணும், ஒரு பக்கம் வெந்து தானா மேல வந்தப்பறம்தான் திருப்பணும், செவக்க விடக் கூடாது. ஆடிக்கு கும்மாயம், உளுந்தும் பாசிப்பருப்பும் பச்சரிசியும் வாசம் வர வறுத்துத் திரிச்சு கருப்பட்டியும் நெய்யும் விட்டுக் கிண்டுறது. இத ரெசிபி புக்கு மாதிரி கட்டம் போட்டு எழுத வேணாம்னு சொல்லிட்டோம், அவ மகளுக்கு போன்ல சொல்லிக் குடுத்த மாதிரியே வாக்கியமா வந்துருக்கு. நடுவுல ஏண்டி நெய்யக் கொறைக்கிற, பிள்ளைக திங்கட்டும்னு திட்டுறதும் அப்படியே இருக்கு.

நோவப் பத்தி நாலு வரிதான் போட்டோம். சிறுநீரகக் கோளாறு, டயாலிசிஸ், ரெண்டு வருஷம் ரொம்பக் கஷ்டப்பட்டா, 2023ல போயிட்டா. நான் மொதல்ல எழுதுனதுல அதுவே பாதிப் பக்கத்துக்கு மேல இருந்துச்சு, ஏன்னா எனக்கு ராவும் பகலும் அதுதான் கண்ணுல நின்னுச்சு. அந்தப் பொண்ணு எதையும் வெட்டல, மத்த பக்கம் எல்லாம் சேர்ந்து முழுசா பாத்தப்பறம் நீங்களே முடிவு பண்ணுங்கய்யான்னு சொல்லுச்சு. முழுசா பாத்தப்ப அறுவத்து மூணு வருஷம் வாழ்ந்தவளுக்கு அந்த ரெண்டு வருஷம் அவ்ளோ எடத்தப் புடிக்க வேணாம்னு நானும் பிள்ளைகளும் சேந்து முடிவு பண்ணோம். இப்படி ஒரு துக்க வீட்டு ஆளுககிட்ட பக்குவமா நடந்துக்கிறது பிரஸ் வேலைல சேத்தி இல்ல, ஆனா அந்தப் பொண்ணுக்கு அது இருக்கு, அதுக்கு எவ்ளோ சொன்னாலும் தகும்.

பேப்பர் பைண்டிங் விஷயத்துக்கு வர்றேன். உள்ள 100 ஜிஎஸ்எம் (பேப்பர் கனத்தோட அளவு) மேப்லித்தோ பேப்பர், கலர் போட்டோ வர்ற 16 பக்கத்துக்கு மட்டும் ஆர்ட் பேப்பர், அட்டை 300 ஜிஎஸ்எம் போர்டு மேட் லேமினேஷன். 16 பக்கம் ஒரு ஃபாரம்ங்கிறதால 64 பக்கம் நாலு ஃபாரமா சரியா வந்துச்சு, நீங்களும் 48 இல்ல 64ன்னு திட்டம் பண்ணுங்க, வெட்டிப் பக்கம் விழாது. சென்டர் பின் அடிச்சா இவ்ளோ பக்கத்துக்கு நடுப்பக்கம் பிதுங்கும், வெறும் பசை போட்டு ஒட்டுனா நம்ம வெயிலுக்கு நாலு வருஷத்துல ஏடு ஏடா வந்துரும்னு சொல்லி நூல் தையல் போடச் சொன்னாரு. கொஞ்சம் செலவு கூடத்தான், ஆனா புத்தகம் விரிச்சா மடில படுத்த மாதிரி நிக்குது, வயசானவுக கைய வச்சு அமுக்கிக்கிட்டு படிக்க வேண்டியதில்ல. எல்லாம் சேத்து ஒரு காப்பிக்கு 150 ரூபா கிட்ட வந்துச்சு, போட்டோ வேலை தனி. இந்தத் தரத்துக்கு இது அதிகம் இல்ல.

இவ்ளோ பாத்துப் பண்றீங்களேன்னு கேட்டேன். அவரு கோட்டையூர் ரோஜா முத்தையா அவுகளப் பத்திச் சொன்னாரு. சைன் போர்டு எழுதுற வேலை பாத்துக்கிட்டே பழைய புத்தகத்தோட கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ்னு எல்லாத்தையும் வீட்ல சேத்து வச்சவுக. அவுக காலமானப்பறம் சிகாகோ யுனிவர்சிட்டி அந்தச் சேகரிப்ப வாங்கி, இப்ப சென்னைல அவுக பேர்லயே ஆராய்ச்சி நூலகமா இருக்கு. நாம அடிக்கிற எந்தத் தாளும் அம்பது வருஷம் கழிச்சு யாராச்சும் எடுத்துப் பாப்பாங்கன்னு நெனச்சுத்தான் அடிக்கணும்னு அவரோட அப்பா சொல்லுவாராம். அவரும் அடிச்ச ஒவ்வொரு மலர்லயும் ரெண்டு காப்பி தனியா எடுத்து அலமாரில வச்சிருக்காரு. என் மனைவி புத்தகமும் அதுல இருக்கு.

இப்ப கொறை. ஒண்ணு, தெவசத்துக்கு ஒரு வாரம் முன்னாடி தர்றேன்னு சொன்னது மொத நாள் ராத்திரிதான் கைக்கு வந்துச்சு. லேமினேஷன் இங்க இல்ல, மதுரைக்கு அனுப்புறாக, அங்க தாமதமாகிப் போச்சு. விடிஞ்சா அய்யர் வர்றாரு, சொந்தக்காரவுக எல்லாம் வந்து எறங்கிட்டாக, கட்டு வந்து சேரல, அந்தப் பதட்டம் துக்க வீட்டுக்குத் தேவையில்லாதது. வெளில அனுப்புற வேலை இருக்குன்னு மொதல்லயே சொல்லிருந்தா நாங்க முன்னாடியே மேட்டரக் குடுத்துருப்போம். ரெண்டு, அட்டை நெறம். அவ கடைசியா ஆசையா வாங்குனது ஒரு கண்டாங்கி, அரக்குல மாம்பழ மஞ்சக் கரை போட்டது, அந்தச் சேலைய ஸ்கேன் பண்ணி அட்டை முழுக்க அந்தக் கட்டத்தையே போட்டோம், யோசனை ரொம்ப நல்லா இருந்துச்சு, ஆனா கம்ப்யூட்டர்ல பாத்த அரக்கு அச்சுல காப்பிப்பொடி நெறமா வந்துருச்சு. ஸ்க்ரீன் வெளிச்சம் வேற, மை வேற, அதனால அட்டைய மட்டும் ஒரு பிரிண்ட் போட்டு காமிங்கன்னு கட்டாயம் கேளுங்க. என் மகளுக்கு இன்னும் அதுல மனக்கொறை இருக்கு. மூணு, மாடிப்படி செங்குத்தா இருக்கு, கைப்பிடி கெடையாது. துக்க வேலைக்கு வர்றதுல பாதிப் பேரு என்னைய மாதிரி வயசானவுகதான், ஒரு கயிறாச்சும் கட்டி விடலாம். போன் பண்ணா ஒடனே எடுக்க மாட்டாக, வாட்ஸ்அப்ல போட்டா ராத்திரிக்குள்ள பதில் வந்துரும்.

தெவசத்தன்னைக்கு சாப்பாடு முடிஞ்சு எலை எடுத்தப்பறம் ஆளுக்கு ஒண்ணா குடுத்தோம். வாங்கி பைக்குள்ள வச்சுட்டு பஸ்ஸுக்குக் கெளம்பிருவாகன்னுதான் நெனச்சேன். பட்டாலைல, அதான் கூடத்துல, அங்கங்க உக்காந்து படிக்க ஆரம்பிச்சுட்டாக. யாரோ அந்த நெய்க்குத் திட்டுறதப் படிச்சு சத்தமா சிரிக்க, இங்கிட்டு ஒருத்தவுக கண்ணத் தொடைச்சுக்கிட்டு இருக்காக, மகன் வீட்டுப் பிள்ளைக அப்பத்தா அப்பத்தான்னும் மக வீட்டுப் பிள்ளைக ஆயா ஆயான்னும் ஒரே படத்தக் காட்டிக்கிட்டு நிக்குதுக. பூக்காரம்மா வந்திருந்தாக, அவுக மக இப்ப திருச்சில நர்ஸ். அந்த 1986 பக்கத்த என் மக அவுகளுக்குக் காட்டி படிச்சுச் சொன்னா. அவுக ஒண்ணும் சொல்லாம புத்தகத்த வாங்கி அந்தப் பக்கத்துக்கு மடிப்பு வச்சு, இன்னொரு காப்பி குடுங்க, மகளுக்கு அனுப்பணும்னு கேட்டு வாங்கிட்டுப் போனாக.

300 காப்பியும் தீந்து போச்சு, இன்னும் நாலஞ்சு பேரு கேட்டுக்கிட்டு இருக்காக. அதனால இன்னொரு 100 போட சொல்லிருக்கேன். இந்தத் தடவ அட்டைக்கு பிரிண்ட் ப்ரூஃப் பாத்துட்டுத்தான் ஓகே சொல்லுவேன்னு சொல்லிட்டேன், அவங்களும் நெறத்த சரி பண்ணி அட்டைக்கு காசு கொறைச்சுப் போட்டுக் குடுக்க ஒத்துக்கிட்டாக. தங்கச்சி எழுதுனதுல ஊருணிப் பாட்டோட ரெண்டாவது அடி விட்டுப் போச்சாம், அதையும் சேக்கணும். நீங்க போறதா இருந்தா தெவசத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடியே போங்க, போட்டோவெல்லாம் பிரேம கழட்டாம அப்படியே கொண்டு போங்க, காலைல பத்திரிகை வேலை கூட்டமா இருக்கும், மத்தியானம் மூணு மணிக்கு மேல போனா அந்தப் பொண்ணு நிதானமா உக்காந்து கேக்கும்.